பாதிப் பஞ்சு

என் அம்மா நாளொன்றுக்குச் சராசரியாக எண்பது கோழிகளைக் கொன்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இருநூறு. இருபத்தேழு வருடம் கடையை நடத்தினாள். பெருக்கிப் பார்க்கலாம். நான் பார்த்துவிட்டேன், எழுதப் போவதில்லை.

கடை பத்தடிக்கு எட்டடி. இடதுபுறச் சுவரில் நான்கு அடுக்குக் கூண்டு. நடுவில் மேசை, அதில் தகரத்தால் செய்த நான்கு கூம்புகள். கோழியைத் தலைகீழாகக் கூம்பில் இறக்கினால் தலை மட்டும் அடியில் நீட்டும். கழுத்தின் பக்கத்தில் ஒரே கீறல். ரத்தம் வடிய ஒன்றரை நிமிடம். அந்த ஒன்றரை நிமிடமும் தகரம் தடதடக்கும். பிறகு வெந்நீர் அண்டா. பிறகு ரப்பர் விரல்கள் வைத்த டிரம்மில் சுற்றி இறகு நீக்க வேண்டும். கடைசியில் வெட்டுக்கட்டை. இறக்கையைப் பிரிக்க அம்மா கத்தியைத் தொடமாட்டாள். மூட்டில் கட்டைவிரலை வைத்து, பின்னுக்கு மடக்கி, ஒரு சுண்டு. எலும்பு குழியை விட்டு வந்துவிடும்.

தெருவில் அவளைக் கோழியக்கா என்பார்கள். வாடிக்கையாளர்கள் வம்புக்கு இழுப்பார்கள். இளசாகப் பார்த்துக் கொடு என்று யாராவது சொன்னால், "இரு, பொறந்த தேதி கேட்டுட்டு வெட்டறேன்" என்பாள். சிரிக்காமல் சொல்வாள். கேட்டவர்தான் சிரிக்க வேண்டும். பேரம் பேசுகிறவர்களுக்குக் கத்தியை நீட்டியபடியே பதில் சொல்வாள். யாரும் நீளமாகப் பேரம் பேசியதில்லை.

கடையைத் தொடங்கியவர் அப்பா. தங்கைக்கு ஒரு வயதானபோது மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். எனக்கு நான்கு வயது. அதன்பிறகு கடையும் நாங்களும் அம்மாவின் கையில்.

வீட்டில் கூடத்துச் சுவரை ஒட்டி ஒரு மீன் தொட்டி இருந்தது. நான்கடி நீளம், இருநூற்று நாற்பது லிட்டர். ஊரைக் காலி செய்து போன ஒரு மீன் வியாபாரி, தூக்கிச் செல்ல முடியாமல் எங்களிடம் விட்டுப் போனது. விற்றுவிடச் சொன்னார்கள். அம்மா விற்கவில்லை. ஏன் மீன் என்று ஒருமுறை கேட்டேன். கை கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பாமல் சொன்னாள்: "கத்தாது."

மீன் சாதுவான பிராணி என்று சொல்கிறவர்கள் மீன் வளர்த்தவர்களாக இருக்க முடியாது. அம்மாவின் தொட்டியில் இருந்தவை கறுப்புக் கோடு போட்ட சிக்லிட் மீன்கள். ஒரு ஜோடி முட்டையிட்டால் தொட்டியில் பாதி அவற்றுக்கு. கோட்டைத் தாண்டியவனுக்கு முதலில் வால் போகும், பிறகு கண். நான் ஏழாவது படிக்கும்போது ஒரே வாரத்தில் ஐந்து மீன்களைக் கண் இல்லாமல் எடுத்தோம். அம்மா கண்ணாடித் துண்டு ஒன்றை வெட்டி வாங்கி வந்து தொட்டியின் நடுவே சொருகினாள். கண் பிடுங்கிய ஆண் மீன் இரண்டு நாள் அந்தக் கண்ணாடியையே முட்டிக்கொண்டிருந்தது. மூக்கு வெளுத்துவிட்டது. அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. அன்று தொட்டி வேலை. ஒழுங்கு மாறாது. உள்ளே தெரியும் அரை அங்குலப் பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையைக் கூழாங்கற்களுக்குள் விட்டு, மறுமுனையை வாயால் உறிஞ்சி வாளிக்குள் விடுவாள். கற்களுக்கு அடியிலிருக்கும் கழிவு தண்ணீரோடு வரும். கால் பங்கு, அதாவது அறுபது லிட்டர், வெளியேற்றுவாள். அதற்குமேல் ஒரு குவளைகூட எடுக்கமாட்டாள். முந்தின நாளே டிரம்மில் பிடித்து ஹைப்போ கல் போட்டு வைத்த தண்ணீரை மெதுவாக ஊற்றுவாள். கடைசியில் ஃபில்டர். மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் பழுப்புப் பஞ்சை எடுத்து, தொட்டியிலிருந்து எடுத்த அந்த அழுக்குத் தண்ணீரிலேயே மூன்று முறை பிழிவாள். மூன்றுதான். குழாய்த் தண்ணீர் அதன்மீது படக்கூடாது.

நான் நகரத்துக் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேதியியல் ஆய்வாளர். குழாய்த் தண்ணீர் ஏன் படக்கூடாது என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. மீனின் கழிவிலிருந்து அமோனியா வரும். அமோனியா மீனின் செவுளை எரிக்கும். பஞ்சில் பழுப்பாக ஒட்டியிருக்கும் வழவழப்பு முழுதும் பாக்டீரியா. அது அமோனியாவைத் தின்று ஆபத்தில்லாத ஒன்றாக மாற்றுகிறது. ஃபில்டரில் வேலை செய்வது அதுதான்; பஞ்சு அதற்கு வீடு. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. குளோரின் பாக்டீரியாவைக் கொல்லும். அதற்காகத்தான் போடுகிறோம். காலையில் நிலையத்தில் நான் போடும் குளோரினை மாலையில் வீட்டில் அம்மா ஹைப்போ போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள்.

இது எனக்குப் பதினோரு வயதில் தெரியாது.

அந்த வருடம் ஒரு திங்கட்கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல். நானே ஃபில்டரைத் திறந்தேன். பஞ்சு நாற்றமடித்தது. குழாயடியில் வைத்து, சோப்புப் போட்டு, வெள்ளை வெளேரென்று ஆகும்வரை கசக்கினேன். அம்மா பார்த்துப் பாராட்டுவாள் என்று நினைத்தேன். நான்காம் நாள் தண்ணீர் பால்போல் கலங்கியது. ஆறாம் நாள் எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. எட்டாம் நாள் ஒன்றும் இல்லை.

அம்மா பஞ்சை வெளியே எடுத்துப் பார்த்தாள். யார் கழுவியது என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. தங்கைக்கு எட்டு வயது. அவள் என்னைப் பார்த்தாள், அவளும் சொல்லவில்லை. முந்தின வாரம் அவள் சோப்புக் கட்டியைத் தொலைத்திருந்தாள். அம்மாவுக்கு அது போதும். தொட்டிக் குழாயை மடித்துக் கையில் எடுத்தாள்.

அம்மா எங்களை அடிப்பது புதிதில்லை. மார்க் குறைந்தால், எதிர்த்துப் பேசினால், சில நாள் கடையில் கூட்டம் அதிகமாக இருந்தால்கூட. அரை அங்குலக் குழாய் தோலில் இரண்டு இணைகோடுகள் விடும். கோடுகளுக்கு நடுவே தோல் வெளுத்திருக்கும். அன்று தங்கையின் முதுகிலும் காலிலும் பத்தொன்பது ஜோடிக் கோடுகள். இரவு நான் எண்ணினேன். அவள் அழுது முடித்துவிட்டு, "நீயா இருந்தா செத்திருப்ப, நான் குண்டா இருக்கேன்ல" என்றாள். என்னைக் காட்டிக் கொடுக்கவே இல்லை. நான் அம்மாவிடம் கடைசிவரை சொல்லவில்லை. இப்போது சொல்ல ஆள் இல்லை.

தங்கைக்கு இருபத்தாறு வயதில் திருமணம். மாப்பிள்ளை ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் தர ஆய்வாளர். சட்டை மடிப்பு கத்திபோல் நிற்கும். அம்மா முதல் நாளே அவருக்கு இஸ்திரி என்று பெயர் வைத்துவிட்டாள். எங்களுக்குள் மட்டும். நேரில் மாப்பிள்ளை, வாங்க, போங்க.

வீட்டுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது அவர் மீன் தொட்டி கேட்டார். அலுவலக நண்பர்கள் வந்தால் கூடத்தில் அழகாக இருக்கும். தங்க மீன்தான் வேண்டும், பதினான்கு. அம்மா மூன்றடித் தொட்டி வாங்கினாள். புதுத் தொட்டியில் பாக்டீரியா வளர ஒன்றரை மாதம் ஆகும். அதற்குள் மீன் செத்துவிடும். அதனால் அவள் தன் ஃபில்டரின் பஞ்சைக் கோழி வெட்டும் கத்தியால் சரிபாதியாக அறுத்தாள். ஒரு பாதியைத் தொட்டித் தண்ணீரோடு டப்பாவில் போட்டு எடுத்துப்போய்ப் புது ஃபில்டரில் வைத்தாள். மாப்பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டார். "சீதனம் மாப்பிள்ளை, மூக்க மூடாதீங்க" என்றாள் அம்மா. பதினான்கு மீனும் பிழைத்தன.

ஆறு மாதத்தில் தங்கை எங்கள் வீட்டுக்கு வருவது நின்றது. போனில் பேசினால் பின்னால் அவர் இருப்பது தெரியும். நாங்கள் போனால் கதவுக்கு வெளியிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பினார். வீட்டுக்குள் தூசி வருகிறதாம். ஆனால் தொட்டி ஒரு சிக்கல். அவருக்கு அதைப் பராமரிக்கத் தெரியாது, காட்சிக்கு வேண்டும். ஆகவே அம்மாவுக்கு மட்டும் அனுமதி: இரண்டு வாரத்துக்கு ஒரு திங்கட்கிழமை, மாலை ஆறு முதல் ஏழு. வாளி, குழாய், துணியோடு போவாள். ஒரு மணி நேரம். அவர் சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

முதல் திங்கள் போய்வந்தவள் என்னிடம் சொன்னாள். "கழுத்துல பவுடர் போட்டிருக்காடி. வீட்டுக்குள்ள எதுக்குப் பவுடர்?"

அதற்குப் பிறகு அம்மாவுக்கு வேறு வேலை இருக்கவில்லை. கோழி வெட்டுவாள், பேசுவாள், சாப்பிடுவாள். நினைப்பு ஒன்றுதான்: சின்னவளை அந்த வீட்டிலிருந்து உயிரோடு வெளியே கொண்டுவர வேண்டும். காவல் நிலையத்துக்குப் போனோம். அடிபட்டவர் வந்து சொன்னால்தான் எழுத முடியும் என்றார்கள். அடிபட்டவள் சொல்லவில்லை. வாளியைத் தூக்கிக் குளியலறைக்குப் போகும் சாக்கில் அம்மா நான்கு முறை அவளிடம் கேட்டாள். நான்கு முறையும் ஒரே பதில், கதவில் இடித்துக்கொண்டேன்.

அம்மா அந்தத் தொட்டியை மெதுவாகச் சுத்தம் செய்தாள். அரை மணி நேர வேலையை ஒரு மணிக்கு இழுத்தாள். கண்ணாடியைத் துடைக்கும்போது அதில் தெரியும் தங்கையின் நடையைப் பார்ப்பாள். எந்தக் காலை இழுக்கிறாள், எந்தக் கையால் டம்ளர் எடுக்கிறாள். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்வாள். நான் தேதி போட்டு நோட்டில் எழுதினேன். இரண்டு வருடம். ஐம்பத்தொரு திங்கட்கிழமைகள். நான் செய்த ஒரே காரியம் அது. எழுதினேன்.

போன வருடக் கடைசியில் மாப்பிள்ளை கதவருகே அம்மாவை நிறுத்தினார். இனி சிரமப்பட வேண்டாம் என்றார். இணையத்தில் காணொளி பார்த்துத் தானே கற்றுக்கொண்டுவிட்டாராம். அம்மா எவ்வளவு அழுக்காக வைத்திருந்தாள் என்பது ஃபில்டரைத் திறந்த பிறகுதான் தெரிந்ததாம். பஞ்சைப் பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்துப் புதிதுபோல் ஆக்கிவிட்டேன் என்று கைப்பேசியில் படம் காட்டினார். வெள்ளை வெளேரென்று இருந்தது.

அம்மா வாளியோடு திரும்பி வந்தாள். "எத்தன நாள்?" என்று மட்டும் கேட்டாள். எட்டு என்றேன்.

ஒன்பதாம் நாள் மாலை தங்கையிடமிருந்து எனக்குப் போன். குரல் வெளியே கேட்கும்படி வைத்திருந்தார்கள் என்று எதிரொலியில் தெரிந்தது. அவர் பேசச் சொல்லிப் பேசுகிறாள்.

"அக்கா, தண்ணி வெள்ளையா இருக்கு. மீனெல்லாம் மேல வந்து மூச்சு வாங்குது. ஆறு செத்துடுச்சு. இன்னும் எட்டு இருக்கு."

நான் என் வேலையைச் செய்தேன். தீனி நிறுத்து, தினம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்று, ஹைப்போ எவ்வளவு, காற்று பம்பை எங்கே வை. ஒழுங்காக, வரிசையாகச் சொன்னேன். அவள் எல்லாவற்றுக்கும் சரிக்கா, சரிக்கா என்றாள். பிறகு மறுபடி சொன்னாள், "இன்னும் எட்டு இருக்குக்கா." ஆமாம், காப்பாற்றலாம் என்றேன்.

போனை வைத்த பிறகு அம்மா கேட்டாள். "எட்டு இருக்குன்னு எத்தன தடவ சொன்னா?"

"ரெண்டு."

"அவ மீன எண்ணலடி. அடிய எண்ணுறா."

எழுந்து நேராகத் தன் தொட்டிக்குப் போனாள். ஃபில்டரைத் திறந்து பஞ்சை எடுத்து, மறுபடி பாதியாக அறுத்து, டப்பாவில் தண்ணீரோடு போட்டாள். என்னை ஸ்கூட்டரை எடுக்கச் சொன்னாள். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். இருபத்திரண்டு நிமிடத்தில் போனோம்.

கதவைத் திறந்தவர் முகத்தைச் சுளித்தார். அம்மா டப்பாவை மூடி திறந்து காட்டினாள். இதை வைத்தால் மிச்சம் பிழைக்கும், வைக்காவிட்டால் நாளைக்கு ஒன்றும் இருக்காது என்றாள். சனிக்கிழமை அவருடைய மேலதிகாரி சாப்பிட வருகிறார் என்பது எங்களுக்குத் தெரியும். அவர் வழிவிட்டார். செருப்பை வெளியே விடச் சொன்னார்.

தங்கை சுவரோரம் நின்றிருந்தாள். இடது கையின் இரண்டு விரல்களில் ஐஸ் குச்சி வைத்துத் துணி சுற்றியிருந்தது. கீழுதடு பிளந்து காய்ந்திருந்தது. ஒரு கண் பாதிதான் திறந்திருந்தது. சமையலறை மேடையில் ஒரு தட்டில் செத்த மீன்களை வரிசையாக வைத்திருந்தார், எடுத்துப் போடக்கூடாதாம். அவள் பார்க்க வேண்டுமாம். நாங்கள் வருவதற்குள் ஏழாவதும் செத்திருந்தது.

நான் சோதனைக் குப்பியில் தண்ணீர் எடுத்து மருந்துச் சொட்டு விட்டேன். மஞ்சளாக இருக்க வேண்டியது கரும்பச்சை ஆனது. லிட்டருக்கு நான்கு மில்லிகிராம் அமோனியா. அதன் இருபதில் ஒரு பங்கே கவலைப்பட வேண்டிய அளவு. சத்தமாகச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

அம்மா கைகளை முழங்கைவரை தொட்டிக்குள் விட்டு வேலை செய்தாள். குழாய் வைத்துத் தண்ணீர் இறக்கினாள். அவர் பின்னால் நின்று, தான் சுத்தமாக வைத்திருந்ததையும், ஒருத்திக்கு வேளாவேளைக்கு அளந்து தீனி போடத் தெரியாமல் எல்லாம் பாழானதையும் சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா தொட்டிக்குள் பார்த்தபடியே தங்கையிடம் பேசினாள். இந்த முறை குளியலறைக்குப் போகவில்லை. அவர் எதிரிலேயே கேட்டாள்.

"வர்றியாடி? இப்பவே. எங்கூட."

"அத்தை, தொட்டி வேலைய மட்டும் பாருங்க" என்றார் அவர்.

தங்கை பேசினாள். அவள் குரலில் அப்படி ஒரு கோபத்தை நான் கேட்டதில்லை. அது அவரை நோக்கி இல்லை.

"எதுக்கு வரணும்? நீ அடிக்காததையா இவர் அடிச்சிட்டாரு? எட்டு வயசுலேயே பழக்கிவிட்டவ நீதான். வாய மூடிட்டு வாங்கிக்கணும்னு நீதான் சொல்லிக் குடுத்த. இப்ப வந்து கூப்பிடற."

அம்மாவின் கை தண்ணீருக்குள் நின்றது. வாளி நிரம்பித் தரையில் வழிந்தது. நான் போய்க் குழாயை மடக்கினேன்.

"ஆமா" என்றாள் அம்மா. "நான் அடிச்சேன். கணக்குப் பாத்தா நாந்தான் அதிகமா அடிச்சிருப்பேன். அது தப்பு. அந்தத் தப்புக்கு நீ இங்க இருந்து எதுக்குச் சாகணும்? எம்மேல கோவம்னா வெளிய வந்து எம்மேல காட்டு. செருப்பால அடி. வாங்கிக்கறேன்."

அவர் சிரித்தார். பிறகு தங்கையின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்து வந்து, முகத்தைத் தொட்டிக் கண்ணாடியில் வைத்து அழுத்தினார். கண்ணாடி கிறீச்சிட்டது. எத்தனை மிச்சம் என்று எண்ணிச் சொல் என்றார். பிளந்த உதட்டிலிருந்து ரத்தம் கண்ணாடியில் கோடாக இறங்கியது. உள்ளே மீன்கள் அந்தப் பக்கமாக வந்தன. தீனி என்று நினைத்திருக்கும்.

"மாப்பிள்ளை, முடிய விடுங்க" என்றாள் அம்மா.

அவர் விடவில்லை.

"மாப்பிள்ளை. விடுங்க."

அவர் மறுபடி அழுத்தினார். அம்மா தண்ணீர் சொட்டும் கையோடு அவர் வலக்கை மணிக்கட்டைப் பிடித்தாள். மற்றக் கையின் கட்டைவிரலைத் தோள்மூட்டில் வைத்தாள். பின்னுக்கு மடக்கினாள். ஒரு சுண்டு.

அந்தச் சத்தம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த சத்தம். அளவு மட்டும் பெரிது.

அவர் முழங்காலில் விழுந்து அலறினார். கை வேறு யாருடையதோபோல் தொங்கியது. அம்மா தங்கையின் முகத்தைத் திருப்பிப் பார்க்கக் குனிந்தாள். அப்போதுதான் அவர் உட்கார்ந்த நிலையிலேயே காலை நீட்டி உதைத்தார். வயிற்றில் விழுந்தது. தரை முழுதும் தண்ணீர். அம்மா வழுக்கிப் பின்னால் போனாள். தொட்டியின் இரும்புத் தாங்கி, எல்-வடிவக் கம்பி, முனை ராவப்படாதது. அதில் பின்னந்தலை பட்டது. அவர் எழுந்து மறுபடி உதைக்க வந்தார். நான் நிரம்பிய வாளியைத் தூக்கி அவர் முகத்தில் அடித்தேன். இருபது லிட்டர் வாளி. மூக்கு உடைந்தது. என் வாழ்நாளில் ஒருவரை அடித்தது அதுதான். எனக்கு வருத்தம் இல்லை.

அம்மா தானே எழுந்தாள். பின்னந்தலையைத் தொட்டுப் பார்த்தாள், ரத்தம் கொஞ்சம்தான். தங்கையைப் பார்த்து நின்றாள். இழுக்கவில்லை. கையைக்கூட நீட்டவில்லை.

தங்கை அவரைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு வாசலுக்குப் போய்த் தன் செருப்பைத் தேடினாள்.

மருத்துவமனை அவசரப் பிரிவில் நான்கு கட்டில்கள், நடுவே பச்சைத் திரைகள். தங்கையின் விரல்களைப் படம் எடுத்தார்கள். இரண்டும் உடைந்திருந்தன, ஒன்று பழைய முறிவு. அம்மாவை ஒரு கட்டிலில் படுக்க வைத்து ஸ்கேனுக்கு வரிசையில் வைத்தார்கள். தலை லேசாக வலிக்கிறது என்றாள். அவரையும் அங்கேதான் யாரோ கொண்டுவந்தார்கள். இரண்டு திரைகளுக்கு அந்தப் பக்கம். குரல் தெளிவாகக் கேட்டது. மாமியார் ரௌடிபோல் வீடு புகுந்து கையை உடைத்துவிட்டாள் என்று காவலரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மூக்கடைத்த குரல், ஆனால் பயமில்லாத குரல்.

"என் மனைவியக் கேளுங்க சார். அவ சொல்லுவா."

அவருக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. இரண்டு வருடம் எல்லோரிடமும் அவள் கதவைத்தானே குற்றம் சொல்லியிருந்தாள்.

பெண் காவலர் ஒருவர் நோட்டோடு எங்கள் திரைக்குள் வந்தார். தங்கையின் முன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். என்னம்மா நடந்தது என்றார். தங்கை பேசவில்லை. திரைக்கு அந்தப் பக்கமும் பேச்சு நின்றது. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது. நான் வாயைத் திறந்தேன். கட்டிலிலிருந்து அம்மா விரலை அசைத்து என்னை நிறுத்தினாள்.

நெடுநேரம். கடிகாரத்தைப் பார்த்தேன், உண்மையில் மூன்று நிமிடம்.

தங்கை தொடங்கினாள். மெதுவாக, தேதி இல்லாமல், முன்னும் பின்னுமாக. முதல் மாதம் கன்னத்தில். பிறகு இஸ்திரிப் பெட்டி. பிறகு இடுப்பு. விரல். ஒவ்வொரு மீனுக்கும் ஒரு முறை. காவலர் பக்கம் திருப்பினார். அந்தப் பக்கத்திலிருந்து அவர் ஏதோ கத்தினார். ஆண் காவலர் சும்மா இருக்கச் சொன்னார். தங்கை நிறுத்தவில்லை. எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "இன்னொண்ணும் எழுதிக்கங்க மேடம்" என்றாள். "சின்ன வயசுல எங்கம்மாவும் என்ன அடிச்சாங்க. நிறைய."

காவலர் பேனாவை நிறுத்தினார். அது இந்தப் புகாருக்கு வேண்டாமே, உங்களுக்குத்தான் பாதகம் என்றார்.

"அதனாலதான் இத்தன நாள் இது சாதாரணம்னு நெனச்சிட்டிருந்தேன். அது இல்லாம இத எழுதினா புரியாது."

காவலர் அம்மாவைப் பார்த்தார். அம்மா கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

"எழுதும்மா" என்றாள் கண்ணைத் திறக்காமல். "நடந்ததுதான."

காவலர் எழுதினார். முழுதையும் வாசித்துக் காட்டினார். தங்கை வலக்கையால் கையெழுத்துப் போட்டாள்.

அதன்பிறகு இருபது நிமிடத்தில் அம்மா வாந்தி எடுத்தாள். இடப்பக்கக் கண்மணி பெரிதாகியிருந்தது. மண்டைக்குள் ரத்தக் கசிவு. அன்றே திறந்தார்கள். பதினோரு நாள் மூச்சுக் கருவியில் இருந்தாள். இறந்து அறுபத்திரண்டு நாள் ஆகிறது.

கடை மூடிக் கிடக்கிறது. தங்கை என்னோடு இருக்கிறாள். சில நாட்களில் அம்மாவைத் திட்டுகிறாள். சில நாட்களில் அழுகிறாள். இரண்டும் ஒரே நாளில் நடப்பதும் உண்டு. நான் எதையும் சரிசெய்ய முயல்வதில்லை.

வழக்கு இப்போது கொலை வழக்கு. போன வாரம் வக்கீல் வந்தார். நல்ல மனிதர், கறாரானவர். வாக்குமூலத்தை மேசையில் விரித்து, கடைசிப் பத்தியில் பென்சிலால் வட்டம் போட்டார். எதிர்த்தரப்பு இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளும், அம்மாவே வன்முறைக்காரி என்று நிறுவப் பார்க்கும், ஆகவே சாட்சிக் கூண்டில் இதைப் பற்றிக் கேட்டால் ஞாபகமில்லை என்று சொல்லிவிடுங்கள் என்றார். தங்கை வலக்கையால் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இடக்கை விரல்கள் இன்னும் முழுதாக மடங்குவதில்லை.

"ஞாபகம் இருக்கு சார்" என்றாள். "கேட்டா சொல்லுவேன்."